ஏழாம் அறைக்குப் படம் வரவில்லை

14

மூக்கம்மாள் இன்றைக்கும் தண்ணீர் ஊற்றினாள்.

சினேகா அவள் வாசலைத் தாண்டி நாலு எட்டு வைத்ததும் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. குடத்துத் தண்ணீர் தெருவில் அடித்து விழும் சத்தம். சினேகா நடந்த தடத்தைக் கழுவி விடுகிறாளாம். ஒரு வருஷமாகத் திரும்பிப் பார்க்காமல் நடக்க சினேகா பழகியிருந்தாள்.

கூட வந்த மதினி ரோஜாவுக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. திரும்பி நின்றுவிட்டாள்.

"ஏத்தே, நாலு நாளைக்கு ஒருக்க வாற தண்ணி. இப்படியா கொட்டுவீக?"

"எந்தண்ணி. நான் கொட்டுவேன்." மூக்கம்மாள் காலிக் குடத்தை இடுப்பில் ஏற்றினாள். "எம்மவன் குளிக்க இல்லல்ல? அவன் பங்கைக் கொட்டுறேன்."

ரோஜா திரும்பி நடந்தாள். எம். புதுப்பட்டியில் எல்லாருக்கும் அந்தக் கதை தெரியும்.

போன புரட்டாசியில் பட்டாசுக் கம்பெனியின் நாலாம் அறை வெடித்தபோது உள்ளே இருந்தவர்கள் இரண்டு பேர். மூக்கம்மாளின் மகன் மாரிசாமி. சினேகாவின் அம்மா மாரித்தாய். முந்தின நாள் மாரித்தாய் கலந்த வெடிமருந்து அந்த அறையில் மிச்சம் இருந்திருக்கிறது. அப்படி மிச்சம் வைத்துப் போகிறவர்கள் தங்கள் பழைய சேலையிலிருந்து ஒரு சிவப்புத் துணியைக் கிழித்துக் கதவுக் கொண்டியில் கட்டிவிட்டுப் போக வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பாதிப் பேர் வேலை பார்க்கிற இடத்தில் அந்தத் துணிதான் சட்டம். துணி கட்டிய கதவை யாரும் தொடமாட்டார்கள். துணி இல்லாத கதவை யோசிக்காமல் திறப்பார்கள்.

அன்றும் தீபாவளி அவசரம், அறை போதாத நேரம். காலையில் நாலாம் அறைக் கதவில் துணி இல்லை. மாரிசாமி திறந்து உள்ளே போனான். அதைப் பார்த்துவிட்டு மாரித்தாய் அவன் பின்னாலேயே ஓடினாள். அவ்வளவுதான் தெரியும்.

துணி கட்ட மறந்துவிட்டாள் என்று கம்பெனி சொன்னது. ஊரும் அதையே சொன்னது. இல்லையென்று சொல்ல மாரித்தாய் இல்லை.

கம்பெனி வேன் திருப்பத்தில் வந்து நின்றது. பெண்கள் ஏறத் தொடங்கினார்கள். கையில் தூக்குவாளி, சேலைக்கு மேல் ஆண்பிள்ளைகளின் பழைய பருத்திச் சட்டை. ரோஜா போட்டிருந்தது அவள் புருஷன் செழியனின் சட்டை. அவன் சினேகாவின் அண்ணன். தீபாவளி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே லாரியில் போனவன் திரும்ப இன்னும் ஒரு வாரம் ஆகும்.

"மதினி, போர்டைப் பாத்துட்டு ரூமுக்குப் போங்க," என்றாள் சினேகா. "தீ படம் இருந்தா அந்தப் பக்கமே போகாதீக. நேத்துச் சாயங்காலம் இடி மின்னல்னு பாதி வேலையில எல்லாரையும் வெளிய அனுப்பிட்டாங்கள்ல? எங்கன மிச்சம் கெடக்கோ."

"ஏ, நீ பண்ணுன போர்டு. பாக்காமப் போவேனா?" ரோஜா சிரித்தாள். "தீ இல்லன்னா ஏழாம் ரூம்ல போய் உக்காந்துருவேன். வேப்பமர நெழலு. மத்த ரூம்ல மத்தியானத்துக்கு மேல அவிஞ்சு போவோம்."

வேனுக்குள் மூக்கம்மாளும் ஏறினாள். ரோஜாவுக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தும் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

*

சிவகாசியில் சைஃபுல்லாவின் ஆபீஸ் அவருடைய அச்சகத்துக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே மிஷின் ஓடினால் மேலே மேசைத் தண்ணீர் நடுங்கும். காலண்டர், பட்டாசு லேபிள் என்று அச்சடித்துக்கொண்டிருந்த குடும்பம். இப்போது மேலே நாலு லேப்டாப்பை வைத்து சாஃப்ட்வேரும் செய்கிறது.

அந்தப் பட்டாசுக் கம்பெனியின் போர்டு ஆர்டர் வந்தபோது சைஃபுல்லா தயங்கினார். "ஒனக்கு வேண்டாம்மா. வேற ஆளைப் போடுறேன்," என்றார். சினேகாதான் விடவில்லை. எழுத்து வேண்டாம், படம் மட்டும் போதும் என்று பிடிவாதம் பிடித்ததும் அவள்தான். கம்பெனி ஆபீஸ் வராந்தாவில் ஒரு பெரிய டிவி. அதில் அறை எண்கள். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு படம். மருந்து மிச்சம் இருந்தால் தீ. காய்ந்துகொண்டிருந்தால் சூரியன். கழுவித் துடைத்து ஆள் போகலாமென்றால் திறந்த கதவு. இன்று அதற்கு முதல் நாள்.

சினேகா லேப்டாப்பைத் திறந்து போர்டைப் பார்த்தாள். படங்கள் வரிசையாக நின்றன. பதினொன்றில் தீ. ஏழிலும் தீ.

நல்லவேளை, மதினிக்கு வேப்பமர நிழல் இன்றைக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அப்பாவிடமிருந்து போன் வந்தது.

சங்கிலிமுத்து அந்தக் கம்பெனியின் கேட்டில் காவல் இருந்தார். மனைவி செத்த பிறகு கம்பெனி கொடுத்த வேலை. உள்ளே போகிறவர்களின் செல்போனை வாங்கி மரப்பெட்டியில் போட்டுப் பூட்ட வேண்டும். தீப்பெட்டி, கொண்டை ஊசி, பிளேடு என்று எதுவும் போகாமல் பார்க்க வேண்டும். ஃபோர்மேன் பாண்டிச்செல்வத்தின் சாவிக்கொத்தில் தொங்கும் மடக்குக்கத்தியைத் தவிர வேறு இரும்பு அந்தக் கேட்டைத் தாண்டாது. சங்கிலிமுத்துவும் தாண்டுவதில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்டுக்கு அந்தப் பக்கம் அவர் கால் வைத்தது கிடையாது.

"தாயீ, ஒன் போர்டு எரியுது. இங்கனருந்தே தெரியுது," என்றார். "நம்பரெல்லாம் நல்லாத் தெரியுது. படம்தான் ஒண்ணும் வரலயே."

"படம் வரலயா?"

"நம்பருக்குப் பக்கத்துல வெள்ளையா இருக்கு. அம்புட்டுதான். அப்படித்தான் வருமோ?"

"ஏழுக்குப் பக்கத்துல?"

"எல்லாத்துக்கும் வெள்ளதான்."

சினேகாவின் முன்னால் ஏழாம் எண்ணின் பக்கத்தில் தீ சிவப்பாக நின்றுகொண்டிருந்தது.

"அப்பா, மதினி எந்த ரூமுக்குப் போனாக?"

"வேப்பமரத்துப் பக்கம் போனதைப் பாத்தேன். மூக்கம்மா இன்னும் ரெண்டு பொம்பளையாளுக. நாலு பேரா. எதுக்குத்தா கேக்க?"

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. போர்டில் ஒன்றுமே வரவில்லை என்றால் போர்டு கெட்டுவிட்டது என்று பட்டணத்து ஆள் நினைப்பான். அந்தப் பெண்கள் அப்படி நினைக்கமாட்டார்கள். அடையாளம் இருந்தால் ஆபத்து. அடையாளம் இல்லையென்றால் போகலாம். கொண்டித் துணியில் படித்த பாடம் அது. அவளுக்குச் சோறு போட்ட பாடம். அதை அவளே மறந்துபோய் ஒரு போர்டைச் செய்திருக்கிறாள்.

*

ஃபோர்மேன் பாண்டிச்செல்வம் மூன்றாவது தடவைதான் ஆபீஸ் போனை எடுத்தார்.

"அண்ணாச்சி, ஏழுலயும் பதினொண்ணுலயும் மருந்து மிச்சம் இருக்குன்னு நேத்து நீங்கதான பதிஞ்சீக?"

"பதிஞ்சேன். காலைல எடுக்கச் சொல்லியாச்சு. எடுத்திருப்பாங்க."

"எடுத்திருந்தா நீங்க மாத்தியிருக்கணும்ல? இன்னும் தீயாவே இருக்கு. ஏழுல ஆள் உக்காந்திருக்காக. உடனே வெளிய வரச் சொல்லுங்க."

"எங்கன இருக்கு தீ? நான் போர்டு முன்னாலதான் நிக்கேன். ஒரு மண்ணும் இல்ல."

"அது எங்க தப்பு. படம் வரல. நான் சரி பண்றேன். அதுக்குள்ள கதவுல பழைய துணியாவது கட்டுங்க."

"துணியெல்லாம் நேத்துச் சாயங்காலமே அவுத்துச் சாக்குல போட்டு, கை தொடைக்கக் குடுத்தாச்சு. போர்டு வந்த பெறகு துணி எதுக்கு?" அவர் குரல் தாழ்ந்தது. "இந்தா பாரு. லோடு வண்டி வெளிய நிக்குது. சீசன் நேரம். போர்டுல வரட்டும், ஆளை எந்திரிக்கச் சொல்றேன். மாரித்தாய் மக சொன்னான்னு எல்லாம் நான் வேலைய நிறுத்த முடியாது."

வைத்துவிட்டார்.

சினேகா மறுபடி அப்பாவைக் கூப்பிட்டாள். ஏழில் மருந்து இருப்பதை முதல் தடவை அவள் சொன்னதுமே அவர் கேட்டிலிருந்தே ஒரு பெண்ணைக் கூப்பிட்டு ஏழாம் அறைக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். அந்தப் பெண் பதிலோடு திரும்பி வந்திருந்தாள்.

"மூக்கம்மா வர மாட்டாளாம்," என்றார். "துணி கட்ட மறந்தவ புருஷன் சொல்லி நான் எந்திரிக்கணுமான்னு கேட்டாளாம். போர்டுல இல்லயேங்குதாக எல்லாரும்."

"மதினி?"

"மூணு பேரு உக்காந்திருக்கையில அது மட்டும் எப்படி வரும்? பெறகு நாளைக்கு அது பக்கத்துல யாரு உக்காருவா?"

போர்டில் வந்தால்தான் உண்டு.

*

"ஒனக்கு வருது, அங்க வரல," என்றார் சைஃபுல்லா. நடந்ததைக் கேட்டதும் அவர் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கையில் இருந்த டீயை வைக்கவும் இல்லை, குடிக்கவும் இல்லை. "அப்ப ஒன் மிஷின்ல ஏதோ இருக்கு, அங்க இல்ல. அந்தப் படமெல்லாம் என்னது? போட்டோவா?"

"இல்லண்ணே. ஃபாண்டு. எழுத்து மாதிரியே தீயும் கதவும் ஒரு ஃபாண்டுக்குள்ள இருக்கும்."

"அடப் பாவி." டீயை வைத்தார். "கீழ பிரஸ்ஸுல சேர்ற ஆளுக்கு மொத நாள் சொல்லிக் குடுக்குறதே அதானம்மா. ஃபைலு அனுப்புனா ஃபாண்டையும் கூட வச்சு அனுப்பு. இல்லன்னா ஒன் மிஷின்ல கல்யாணப் பத்திரிக, அடுத்தவன் மிஷின்ல வெறும் பேப்பரு. கூட வச்சியா?"

வைத்ததாகத்தான் நினைத்திருந்தாள்.

படங்களைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த ஃபாண்டைத் தன் லேப்டாப்பிலேயே ஏற்றிக்கொண்டது நினைவுக்கு வந்தது. அதை லேப்டாப்பிலிருந்து நீக்கினாள். போர்டைப் புதிதாகத் திறந்தாள்.

எண்கள் இருந்தன. பக்கத்தில் வெள்ளை.

முதல் தடவையாக அவள், அந்தப் பெண்கள் பார்த்ததைப் பார்த்தாள். ஏழு. பக்கத்தில் சுத்தமான, அமைதியான வெள்ளை. வா, வந்து உட்கார் என்கிற வெள்ளை.

"அழுறதுன்னா பெறகு அழுதுக்கலாம்," என்றார் சைஃபுல்லா. "இப்ப கையை ஓட்டு."

எழுதிய நிரல்களையெல்லாம் மூட்டையாகக் கட்டி சர்வருக்கு அனுப்புவதை அவர்கள் பில்ட் என்பார்கள். சினேகா அந்த மூட்டையைப் பிரித்துப் பார்த்தாள். நிரல் இருந்தது. நிறமும் அளவும் சொல்கிற ஸ்டைல் ஃபைல் இருந்தது. ஃபாண்ட் இருக்கவேண்டிய ஃபோல்டரே இல்லை. ஸ்டைல் ஃபைலின் கடைசியில், 'தீ முதலான உருவங்கள் பக்கத்து ஃபோல்டரில் உள்ளன' என்று பொருள்படும் ஒரு வரி மட்டும் அப்படியே இருந்தது. ஐகான்களின் ஸ்டைல் ஃபைலை அவள் வெளியிலிருந்து அப்படியே ஒட்ட வைத்திருந்தாள். மூட்டை கட்டுகிற கருவி அதற்குள் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஃபாண்டையும் எடுத்து வைத்திருக்கும்.

"எரர் ஒண்ணும் வரலயா?" என்று கேட்டார் சைஃபுல்லா.

"வரல. இல்லாத ஃபைலைக் கேட்டா முதல் பக்கத்தை எடுத்துக் குடுன்னு சர்வருக்குச் சொல்லி வச்சிருக்கோம். அது ஃபாண்டைக் கேட்டிருக்கு. சர்வர் வேற எதையோ குடுத்துட்டு, குடுத்துட்டேன்னு சொல்லியிருக்கு."

"நல்லாத்தான் சொல்லியிருக்கு," என்றார் அவர் கசப்பாக.

ஃபாண்ட் ஃபைல்களைத் தங்கள் ஃபோல்டருக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தாள். ஸ்டைல் ஃபைலை முதன்மை நிரலுக்குள் இருந்தே அழைத்தாள். இனி கருவி அதைத் தாண்டிப் போக முடியாது. ஃபோல்டருக்கு வழி சொல்கிற அந்த வரியைத் திருத்தினாள். விரல்கள் தப்புத் தப்பாக விழுந்தன. அழித்து அழித்து அடித்தாள். ஒவ்வொரு நிமிஷமும் காது கம்பெனி இருந்த தெற்குப் பக்கமே இருந்தது. அங்கே வெடித்தால் சிவகாசி வரை கேட்கும். போன வருஷம் கேட்டது. அப்போது அவள் இதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, யார் வீடோ பாவம் என்று சொன்னாள்.

மூட்டை கட்ட ஆணை கொடுக்கப் போனவள் நிறுத்தினாள்.

"என்னம்மா?"

"நாளைக்கு மறுபடி படம் வரலன்னா?"

அவள் இன்னும் நாலு வரி எழுதினாள். படம் வந்து சேராத வரைக்கும் அந்தக் கட்டம் முழுவதும் சிவப்பாக இருக்கவேண்டும். சிவப்புக்கு ஃபாண்ட் தேவையில்லை. ஒன்றும் தெரியாவிட்டால் போகலாம் என்று இனி எந்தப் போர்டும் அவளை வைத்துச் சொல்லாது.

பில்ட் ஓடி முடிந்தது. மூட்டைக்குள் பார்த்தாள். ஃபாண்ட் இருந்தது. பெயருக்குப் பின்னால் வால் மாதிரி சில எழுத்துகள் ஒட்டிக்கொண்டு, சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. சர்வரில் ஏற்றினாள்.

அப்பா கேட்டிலிருந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னும் வெள்ளையாவேதான் இருக்கு, தாயீ."

டிவியோடு இணைந்த சின்னப் பெட்டி பழையதையே நினைவில் வைத்துக்கொண்டிருக்கிறது. அதை அணைத்துப் போடவேண்டும். வராந்தாவில் ஆபீஸ் ஆள் யாரும் இல்லை. ஃபோர்மேன் சரக்கு எடுக்கக் குடோன் பக்கம் போயிருந்தார். ஆபீஸ் போனை யாரும் எடுக்கவில்லை.

"அப்பா," என்றாள் சினேகா. டிவிப் பெட்டியை யாராவது அணைத்துப் போடவேண்டும் என்று சொன்னாள்.

மறுமுனையில் அவர் ஸ்டூலை விட்டு எழும் சத்தம் கேட்டது.

"சுவிச்சு எங்கன இருக்கு?" என்று கேட்டார் சங்கிலிமுத்து.

"டிவிக்குக் கீழ. கறுப்புப் பெட்டி. பச்சை லைட்டு எரியும். அணைச்சுட்டு மறுபடி போடுங்க."

"சரி. போனைப் பெட்டியில வச்சுட்டுப் போறேன்."

"அப்பா... ஓடாதீங்க."

அது உள்ளே எல்லாருக்கும் தெரிந்த முதல் விதி. என்ன நடந்தாலும் ஓடக்கூடாது. ஓடினால் கால் இடறும், ஏதாவது உரசும், தட்டு விழும். மாரித்தாய் ஒருத்திதான் ஓடினாள்.

"தெரியும்த்தா," என்றார் அவர்.

போனை அணைக்க அவருக்கு நினைவு வரவில்லை. மூடி சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு மரப்பெட்டிக்குள் இருட்டின் சத்தம். அதற்குள் யாருடைய போனோ அடித்தது, ஒரு சாமி பாட்டு. அது ஓய்ந்ததும் இன்னொன்று. பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள், மருந்துக் கடை, லாரியில் போன புருஷன்கள். எல்லாரும் கூப்பிட்டார்கள். யாரும் எடுக்கவில்லை.

சினேகா ஒரு காதில் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு சர்வரின் பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யார் எதைக் கேட்டாலும் அங்கே ஒரு வரி விழும். வரி விழவில்லை. சைஃபுல்லா முணுமுணுவென்று ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். கீழே மிஷினை நிறுத்தச் சொல்லியிருந்தார். மேசைத் தண்ணீர் அசையாமல் இருந்தது.

ஒரு வரி விழுந்தது. வராந்தாப் பெட்டி முதல் பக்கத்தைக் கேட்டது.

அடுத்த வரி. நிரலைக் கேட்டது. ஸ்டைலைக் கேட்டது.

பிறகு அந்த வால் முளைத்த பெயர். ஃபாண்டைக் கேட்டது. வாங்கிக்கொண்டது.

"போயிருச்சு அண்ணே," என்றாள்.

அவர் ஏற்கெனவே பைக் சாவியை எடுத்திருந்தார்.

*

வழியெல்லாம் அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டே போனாள். புகை எங்கும் இல்லை. அதற்காக நிம்மதியாகவும் இல்லை. போன வருஷமும் வெடிக்கக் கொஞ்ச நேரம் முன்புவரை புகை இல்லாமல்தான் இருந்தது.

கேட்டுக்கு வெளியே பெண்கள் கும்பலாக நின்றார்கள். வெறுங்கால்கள். முழங்கைவரை அலுமினியத் தூளின் சாம்பல் மினுமினுப்பு. அந்தக் கும்பலில் செழியனின் சட்டையைத் தேடினாள். இருந்தது. கட்டிப்பிடிக்கப் போனவளை ரோஜா கையை நீட்டித் தடுத்தாள்.

"தொடாத. மேலெல்லாம் மருந்து."

"மதினி, எப்படி..."

"மாமா வந்து கதவுகிட்ட நின்னாக. ஒண்ணும் சொல்லல. போர்டுப் பக்கம் கையை மட்டும் காட்டுனாக. எட்டிப் பாத்தேன். ஏழுல தீ." ரோஜாவின் உதடு உலர்ந்திருந்தது. "பாத்த பெறகு மூக்கம்மாதான் மொதல்ல எந்திரிச்சா. தட்டை மெதுவா எறக்கி வைங்கடின்னு சொன்னா. ஒவ்வொருத்தரா வந்தோம். என் முதுகுக்குப் பின்னால, சாக்கைப் போட்டு மூடி, ரெண்டு சட்டி மருந்து இருந்திருக்கு சினேகா. காலிச் சட்டின்னு நெனச்சு அதுலதான் காலைலருந்து சாஞ்சு உக்காந்திருந்தேன்."

வெடிக்கவில்லை. அவ்வளவுதான் அன்றைக்கு நடந்தது. வெடிக்காத நாளைப் பற்றி யாரும் விசாரிக்க வரமாட்டார்கள். பேப்பரிலும் வராது.

சங்கிலிமுத்து தன் இடத்தில், கேட்டுக்கு அருகில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். காலில் கேட்டுக்கு உள்ளே இருந்த மண் ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமாகிட்ட ஒண்ணு காட்டணும்," என்றாள் ரோஜா. "நீயும் வா."

சட்டைக்குள் இருந்து எடுத்தாள். கசங்கிய, சாம்பல் படிந்த ஒரு சிவப்புத் துணி. ஓரத்தில் மஞ்சள் கரை, கரையில் வேப்பிலை போட்டிருந்தது.

"கை தொடைக்க ஒரு சாக்கு கழிவுத் துணி போட்டிருந்தாங்க. அதுக்கு அடியில, போன வருஷத்துக் கழிவோட கெடந்துச்சு."

சினேகா பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். அந்தச் சேலையைத் தெரியும். இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு அம்மா எடுத்தது. பழசானதும் கிழித்துத் துணியாக்கியதும் தெரியும். வெடித்த நாளுக்கு முந்தின நாள் காலை அம்மா அதில் ஒன்றைக் கிழித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

சங்கிலிமுத்து துணியை வாங்கி முழங்காலில் விரித்தார். நடுவில் முடிச்சு இருந்தது. இறுக்கமான, சின்னக் கல் மாதிரியான முடிச்சு. யாரும் அதை அவிழ்த்திருக்கவில்லை. துணியின் இரண்டு முனைகளும் நேராக, நூல் பிரியாமல் இருந்தன.

"கட்டியிருக்கா," என்றார்.

முடிச்சை நகத்தால் நெம்பிப் பார்த்தார்.

"கட்டியிருக்காத்தா. முடிச்சு முடிச்சாவே இருக்கு. கொண்டியில இருந்த துணியை எவனோ அறுத்திருக்கான்." அவர் ஒரு முனையை விரலால் தடவினார். "கிழிக்கல. அறுத்திருக்கான். இரும்பு வச்சு."

அவர் தலையைத் தூக்கிக் கேட்டைப் பார்த்தார். எந்த இரும்பும் தாண்டாத கேட்டு. ஒன்றைத் தவிர.

மூக்கம்மாள் கும்பலிலிருந்து வந்து பக்கத்தில் நின்றதை சினேகா அப்போதுதான் பார்த்தாள். ஒரு வருஷத்தில் இவ்வளவு அருகில் அவள் வந்ததில்லை. குனிந்து மஞ்சள் கரையைப் பார்த்தாள். அவளும் மாரித்தாயும் ஒரே கடையில் ஒரே நாளில் எடுத்த சேலை அது. அவளிடம் ஒன்று இன்னும் பெட்டியில் இருந்தது. விரலை நீட்டி முடிச்சைத் தொட்டாள். தொட்டபடியே இருந்தாள்.

"இது அவ முடிச்சுதான்," என்றாள். "பல்லால கடிச்சாலும் வராது. எம்மவன் கல்யாணப் பந்தலுக்கு அவதான் தோரணம் கட்டுனா. அவுக்க முடியாம அறுத்தோம்."

உள்ளே சாவிக்கொத்து குலுங்குகிற சத்தம் கேட்டது. பாண்டிச்செல்வம் வராந்தாவிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். வெளியே லோடு வண்டியின் டிரைவர் இஞ்சினைப் போட்டான்.

"ஏலே சங்கிலி, என்ன கூட்டம்? வண்டிக்குக் கேட்டைத் தொற. பொம்பளையாளுக எட்டாம் ரூமுக்கு மாறி உக்காருங்க. போர்டு சரியாயிட்டுல்ல?"

சங்கிலிமுத்து எழுந்தார். அவசரப்படவில்லை. கேட்டின் இரண்டு கதவுகளையும் சேர்த்துச் சாத்தினார். நடுவில் இருந்த கொண்டியைப் போட்டார். அறுபட்ட இரண்டு முனைகளையும் அதில் சுற்றி, பழைய முடிச்சு கலையாமல், தன் முடிச்சைப் போட்டார். சிவப்பும் மஞ்சளுமாக அது கம்பியில் தொங்கியது.

டிரைவர் அதைப் பார்த்தான். அவனும் வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பையன்தான், அந்தத் துணியின் சட்டம் தெரிந்தவன். இஞ்சினை அணைத்தான்.

பெண்களில் ஒருத்தி கேட்டை ஒட்டி மண்ணில் உட்கார்ந்தாள். பிறகு இன்னொருத்தி. மூக்கம்மாள் உட்காரவில்லை. துணிக்குப் பக்கத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பாண்டிச்செல்வம் கேட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். துணியைப் பார்த்தார். கரையைப் பார்த்தார். சாவிக்கொத்தைப் பிடித்திருந்த கை இடுப்புக்குப் பின்னால் போனது.

"ஏலே," என்றார். குரல் முன்போல் இல்லை. "எடுலே அதை."

சங்கிலிமுத்து அவரை நேராகப் பார்த்தார்.

"அவுக்கவா அண்ணாச்சி," என்று கேட்டார், "இல்ல, அறுக்கவா?"